மூவாயிரம் மைல் கணக்கும் மூன்று லீற்றர் கழிவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்தச் சேர்விஸ் நிலையத்துக்குள் வாகனத்தைக் கொண்டுபோனாலும், திரும்பி வரும்போது முன்கண்ணாடியின் மூலையிலோ கதவின் உட்புறத்திலோ ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கக் காணலாம். அடுத்த ஒயில் மாற்றம் எத்தனையாவது கிலோமீற்றரில் என்று அதில் எழுதியிருப்பார்கள். இதுவரை ஓடிய தூரத்துடன் ஐயாயிரத்தைக் கூட்டினால் வரும் தொகையே பெரும்பாலும் அது. சில இடங்களில் மூவாயிரம். இருபது வருடப் பழைய வானுக்கும் அதே கணக்குத்தான்; ஜப்பானிலிருந்து வந்திறங்கிய ஹைபிரிட் காருக்கும் அதே கணக்குத்தான். இந்த ஐயாயிரம் எங்கிருந்து வந்தது, எல்லா எஞ்சினுக்கும் அது எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர் அரிது. சோதிடர் குறித்துக் கொடுத்த நாளை வாங்கி மடியில் முடிந்துகொள்வது போல அந்தத் தாளை ஏற்றுக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

அரசியலும் இலக்கியமும் எழுதுகிறவனுக்கு ஒயில் மாற்றுவதில் என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நான் பொறியியலாளன் அல்லன். கராச்சுகளில் காத்திருந்த நேரத்தில் கேட்டும் பார்த்தும் படித்தும் அறிந்தவற்றையே எழுதுகிறேன். எழுதத் தூண்டியது எஞ்சின்மீதுள்ள அக்கறை மட்டுமன்று. குடாநாட்டில் இந்தக் கேள்வி எஞ்சினோடு முடிவதில்லை. கிணற்றடி வரை போகிறது. அங்கே போவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

இந்தத் தீவில் மோட்டார் வாகனப் பழக்கம் பிரித்தானியக் கார்களோடு வந்தது. ஒஸ்ரினும் மொறிஸும் ஓடிய 1950களில் இரண்டாயிரம், மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது வழக்கமாக இருந்தது. அன்றைய ஒயில் அவ்வளவுதான் தாங்கும். மூவாயிரம் மைல் என்பது ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர். மைல் கற்கள் போய்க் கிலோமீற்றர் கற்கள் வந்தபோது அதுவே முழு எண்ணாகி ஐயாயிரமாயிற்று என்று கொள்கிறேன். எஞ்சின் மாறிவிட்டது, ஒயில் மாறிவிட்டது, எண் மட்டும் மாறவில்லை.

நமது மண்ணில் ஒயிலைப் பற்றிய இன்னொரு பாடமும் உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது வந்த பொருளாதாரத் தடையை இங்கு வாழ்ந்த எவரும் மறந்திருக்கமாட்டார். பெற்றோல் தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவில், கொழும்பு விலையைப் பன்மடங்கு கடந்து கிடைத்தது. கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான அந்நாட்களில் செய்தி தேடிச் சென்ற மோட்டார் சைக்கிள்களும், நோயாளரை ஏற்றிச் சென்ற ஏ40 வாடகைக் கார்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சில துளி பெற்றோலைக் கார்ப்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அந்தக் கொடுமையைப் பொறுத்துக்கொண்டது.

ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சுவது சிலிண்டரின் சுவரைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி, அடித்தொட்டியில் கிடக்கும் ஒயிலோடு போய்க் கலந்துவிடும். அதனால் விசித்திரம் ஒன்று நிகழும். ஓட ஓட ஒயில் குறைய வேண்டியதிருக்க, அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும். விபரம் தெரியாதவர் மகிழ்ந்துபோவார். தெரிந்தவர் கம்பியை மூக்கருகே கொண்டுபோவார், விரலிடையில் தேய்த்துப் பார்ப்பார். ஒயில் நீர்த்துவிட்டால் உலோகத்தை உலோகம் தின்னத் தொடங்கும் என்பதை எந்தக் கைநூலும் இல்லாமலே அறிந்திருந்த மனிதர்கள் அவர்கள். மாற்ற வேண்டும் என்று தெரிந்தும், மாற்றுவதற்கு ஒயில் கிடைக்காத காலம் அது.

"அந்தக் காலத்துக் கார் ஒயில் மாத்தாமலே முப்பது வருசம் ஓடினது" என்று பெருமை பேசுவோரை இன்றும் காண்கிறோம். அது பிழையான பாடம். ஓடிய கார்களே நம் கண்ணில் பட்டன. எஞ்சின் இறுகி, தென்னோலைக் கொட்டிலுக்குள் கோழி அடையும் இடமாகிப்போன கார்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

ஒயில் எஞ்சினுக்குள் செய்யும் வேலை வழுக்குவது மட்டுமன்று. சூட்டை வெளியே கொண்டுவருகிறது. கரியையும் உலோகத் தூளையும் தன்னில் ஏந்திக்கொள்கிறது. எரிதலில் உண்டாகும் அமிலத்தை, தன்னுள் கலந்திருக்கும் காரச் சேர்மங்களால் அடக்குகிறது. அந்தச் சேர்மங்கள் தீர்ந்துபோவதுதான் ஒயில் 'பழுதாவது'. நிறம் அதற்கு அளவுகோல் ஆகாது. நல்ல ஒயில் சில நூறு கிலோமீற்றரிலேயே கறுக்கும். அழுக்கைச் சுமக்கிறது என்பதே அதன் பொருள். "பாருங்கோ அண்ணை, எப்பிடிக் கறுத்துப்போய்க் கிடக்கு" என்று வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டப்படும் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்காது.

இன்னொன்று நீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறிது ஒயிலுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட நேரம் ஓடினால் அது ஆவியாகி நீங்கிவிடும். வீட்டிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் மாத்திரம் ஓடும் வாகனத்தில் அது நீங்காமல் தங்கிக் கசடாகிறது. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் தயிரேடு போன்ற படிவு இருப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள்.

ஆகவே எத்தனை கிலோமீற்றர் என்ற கேள்விக்கு முன்னால் எப்படிப்பட்ட கிலோமீற்றர் என்ற கேள்வி நிற்கிறது. இதைக் கார் செய்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் தன் சாதாரண பெற்றோல் கார்களுக்குச் சொல்லும் கணக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு. இரண்டில் எது முந்துகிறதோ அது. கடுமையான பாவனை என்றால் அதில் பாதி: 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். ரேர்போ பொருத்திய எஞ்சினுக்கு இதைவிட மிகக் குறைவு. கடுமையான பாவனை எது என்பதையும் பட்டியலிட்டிருக்கிறார்கள். எட்டுக் கிலோமீற்றருக்கு உட்பட்ட சிறு ஓட்டங்களே திரும்பத் திரும்ப, புழுதி வீதி, நின்ற இடத்தில் நெடுநேரம் இயங்குதல் என்று அது போகிறது. சுன்னாகம் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்திக்கும் யாரோ வந்து பார்த்து எழுதியது போல இல்லையா?

இங்கே ஒரு வேடிக்கை. நம்மூரில் ஓடும் விற்ஸ், அக்குவா, வகன் ஆர் முதலியவற்றிற் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிக் கழிந்து வந்தவை. இவ்வளவும் எழுதிய கைநூல் முன்னிருக்கைப் பெட்டிக்குள் பத்திரமாகவே கிடக்கிறது. ஜப்பானிய மொழியில்! வாங்கியவருக்கும் விளங்காது, விற்றவருக்கும் விளங்காது, சேர்விஸ் செய்பவருக்கும் விளங்காது. மறை ஓதத் தெரியாத ஊரில் பூசாரி சொன்னதே மந்திரம் என்பது போல, கைநூல் வாசிக்க முடியாத இடத்தில் ஒட்டுத்தாளே கைநூலாகிவிட்டது. அதே கார்களுக்கான ஆங்கிலக் கைநூல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதைப் படிக்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் தகப்பனாருக்கு அவருடைய காருக்குரிய இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதி அனுப்பினால் அது காசு அனுப்புவதற்குச் சமமான உதவி. கணக்கு நாட்டுக்கு நாடு சற்று வேறுபடும் என்பதை மட்டும் கவனிக்கவும்.

ஒயிலின் தடிப்பைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. 0W-20 என்று எழுதிய ஒயில் கேட்கும் எஞ்சினுக்கு, "எங்கட வெயிலுக்கு இது தண்ணி மாதிரி, தடிப்பா ஊத்துவம்" என்று 20W-50 ஊற்றிவிடுகிறார்கள். முதல் எண் குளிரில் ஒயில் எப்படி இளகும் என்பதைக் குறிப்பது. அதோடு வரும் எழுத்து குளிர்காலத்தைச் சுட்டுவது. இரண்டாவது எண் நூறு பாகை வெப்பத்தில் அது எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்வது. ஓடிச் சூடேறிய எஞ்சினுக்குள் ரொறன்ரோவும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தேசம். ஹைபிரிட் எஞ்சினின் நுண்ணிய இடைவெளிகளுக்குள் அந்தத் தடித்த ஒயில் உரிய வேகத்தில் போய்ச் சேராது. சத்தம் குறைந்ததுபோல் இருக்கும். பெற்றோல் கூடச் செலவாகும்.

தூரத்தை மட்டும் நம்பியிருந்தால் என்னவாகும் என்பதை 2022 நமக்குக் காட்டியது. அவ்வாண்டு எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் அட்டை முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரே ஆரம்பத்தில் ஒதுக்கப்பட்டது. வரிசையில் நின்று நின்று ஊர்ந்த வாகனத்தில் தூரமானி நகரவில்லை. எஞ்சின் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. ஐயாயிரம் இன்னும் ஆகவில்லை என்று ஓராண்டுக்கு மேல் அதே ஒயிலோடு ஓடியவர்கள் பலர்.

இதே வழுவுக்கு இன்னொரு வடிவம் வெளிநாட்டவரின் கார். கோடை விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வரும்போது ஓடுவதற்கென்று வாங்கி, உறவினர் வீட்டு முற்றத்தில் உறையிட்டு நிறுத்தியிருப்பார்கள். ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீற்றர்கூட ஓடாது. ஒட்டுத்தாளின்படி அதற்கு ஐந்து ஆண்டுக்கு ஒயில் மாற்ற வேண்டியதில்லை. உள்ளே அமிலமும் ஈரமும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் எழுப்பி நிறுத்துவது நன்மை என்று நினைக்கிறார்கள். அது ஈரத்தைச் சேர்க்கும் வழி. எழுப்பினால் பருத்தித்துறைக்கோ காங்கேசன்துறைக்கோ ஒரு தடவை ஓட்டி வரவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒயிலையும் பில்டரையும் மாற்றவேண்டும்.

மற்ற வாகனங்களுக்கு என் அபிப்பிராயம் இது. கைநூல் சொல்லும் ஒயிலை ஊற்றி, குடாநாட்டுக்குள் மட்டும் ஓடுகிற ரேர்போ இல்லாத கார் என்றால் ஆறு மாதம் அல்லது கைநூலின் கடுமையான பாவனைக் கணக்கு, எது முந்துகிறதோ அது. மாதம் இரண்டு தடவை ஏ9 வழியாகக் கொழும்புக்குப் போய்வருகிறவருக்கு அவ்வளவு அவசரமில்லை. ஒரு பயணத்தில் எண்ணூறு கிலோமீற்றர் ஓடினாலும், அது எஞ்சின் விரும்பும் ஓட்டம். பழைய டீசல் வானுக்கும் முச்சக்கர வண்டிக்கும் ஐயாயிரம்கூட அதிகமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மூவாயிரம் என்று எழுதிக்கொடுப்பது கடைக்கு இலாபம். வேறு எவருக்கும் அல்ல.

பிந்தி மாற்றுவதால் வரும் நட்டம் இப்போது மிகப் பெரிது என்பதையும் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடையில் இருந்த வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. எஞ்சின் ஒன்று போனால் காணி விற்கவேண்டிய விலை. ஆதலால் முந்தி மாற்றுவோம், அதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது.

நிற்க. கெடுவது என்னவென்றால், கழற்றிய ஒயில் எங்கே போகிறது என்பது.

சிறிய காரில் மூன்று லீற்றர் அளவும், வானில் ஆறு, ஏழு லீற்றரும் ஒவ்வொரு தடவையும் வெளியே வருகின்றன. கண்டியிலோ குருநாகலிலோ அதை நிலத்தில் ஊற்றுவதும் குற்றம்தான். குடாநாட்டில் அது வேறு வகைக் குற்றம். இங்கே மழைக்கு ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று ஒன்றில்லை. மெல்லிய மண் போர்வைக்குக் கீழே துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணக்கல். அதற்குள் மழைநீர் தேங்கி, கீழேயுள்ள உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது அதனால்தான். நமது கிணறு, அயலவர் கிணறு என்று நாம் வேலி போட்டிருப்பது தரைக்கு மேலே மட்டும். முற்றத்தில் ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழிறங்கி எவருடைய வாளியிலும் ஏறலாம். ஒரு தடவை மாற்றிய ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைப் பழுதாக்கப் போதும் என்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது.

எண்ணெய் கிணற்றுக்குள் வந்தால் எப்படியிருக்கும் என்பது சுன்னாகத்து மக்களுக்கு வாசித்து அறியவேண்டியதொன்றன்று. சுன்னாகம் அனல் மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் காட்டின. நீர் முகர்ந்து பார்த்துக் குடிக்கும் பொருளாயிற்று. பவுசர்களில் வந்த தண்ணீருக்கு மக்கள் குடங்களோடு காத்து நின்றார்கள். 2015 இன் தொடக்கத்தில் மல்லாகம் நீதிமன்றத்தின் உத்தரவோடு மின் உற்பத்தி நின்றது. எண்ணெய் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்று நிபுணர்கள் தம்முள் முரண்பட்டார்கள். இறுதியில் 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம், அந்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் கிணறுகளைச் சுத்தம் செய்வதற்கென்று ஆளுக்கு நாற்பதாயிரம் ரூபாவுக்கு மேற்படாமல் அது பகிரப்படவேண்டியிருந்தது. தம் கடமையைச் செய்யத் தவறிய அரச அமைப்புகளையும் நீதிமன்றம் கண்டித்தது. மாசுபடுத்தியவரே செலவைச் செலுத்தவேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டில் வலுப்பெற்ற வழக்குகளுள் அதுவும் ஒன்று. வழக்குத் தொடுத்தவர் தென்னிலங்கையைச் சேர்ந்த ஒரு சூழலியலாளர் என்பதையும் நன்றியோடு நினைக்கவேண்டும்.

அந்தப் போராட்டத்தில் ஊர்வலம் போன நாம், நமது கராச்சின் பின்வேலிக்குள் எட்டிப் பார்த்தோமா? மின் நிலையம் ஒன்று; அதற்கு முகவரி இருந்தது, வழக்குப் போட முடிந்தது. ஒயில் மாற்றும் இடங்கள் சிறிதும் பெரிதுமாக வீதிதோறும் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளின் ஒயிலை முற்றத்து மாமரத்தின் கீழ் வைத்தே கழற்றிவிடுகிற வீடுகளோ எண்ணற்றவை. பழைய ஒயிலை நாம் கழிவாக நினைப்பதுமில்லை. கறையானுக்கென்று பனஞ் சலாகையில் பூசுகிறோம். வேலிக் கதியாலில் தடவுகிறோம். கொங்கிறீற் பலகைக்கு அடிக்கிறோம். புழுதி அடங்க ஒழுங்கையில் தெளிப்போரும் உளர். எஞ்சினுக்குள் வெந்து வந்த ஒயிலில் புற்றுநோயுண்டாக்கும் சேர்மங்களும் உலோகங்களும் இருக்கின்றன. மாரி மழை ஒன்று பெய்தால் வேலியில் தடவியது வேலியோடு நிற்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2008 இன் சுற்றாடல் ஒழுங்குவிதிகள் கழிவு எண்ணெயைத் தனிக்கவனத்துடன் கையாளவேண்டிய கழிவுகளின் அட்டவணையில் சேர்த்திருக்கின்றன. சேர்விஸ் நிலையம் நடத்துவதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். சேகரித்த எண்ணெயை மிக உயர்ந்த வெப்பத்தில் எரிக்கும் வசதி புத்தளம் சீமெந்துச் சூளையில் உண்டு. (காங்கேசன்துறையில் நமக்கே ஒரு சூளை இருந்தது; 1990 இல் நின்றது நின்றதுதான்.) இடையில் இல்லாதது, மாமரத்தடியிலிருந்து அந்தச் சூளை வரைக்குமான வழி. வாகனத்தின் புகைக்கு ஆண்டுதோறும் பரிசோதனை நடக்கிறது; அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. அதே வாகனத்தின் ஒயில் அந்த ஆண்டில் எங்கே கொட்டப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. பிரதேச சபைகள் தம் எல்லைக்குள் ஓரிரு பீப்பாய்களை வைத்துக் கழிவு ஒயிலைப் பெற்றுக்கொள்ளத் தொடங்குவதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. வியாபார உரிமம் கொடுக்கும் அதே சபை, மாதம் எவ்வளவு ஒயில் விற்றாய், எவ்வளவு திருப்பிக் கொடுத்தாய் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லலாம்.

தேவைக்கு முன் மாற்றாதிருப்பதும் இதே காரணத்தால் முக்கியமாகிறது. கலிபோர்னியா மாநிலத்தின் கழிவு மீள்சுழற்சித் துறை 2010களின் தொடக்கத்தில், மூவாயிரம் மைல் பழக்கத்தை விட்டுவிட்டுக் கைநூல் சொல்லும் எண்ணைப் பாருங்கள் என்று ஒரு பிரசாரமே நடத்தியது. வாகன உரிமையாளரின் பணத்தோடு, கழிவு எண்ணெயின் அளவைக் குறைப்பதும் அவர்களின் நோக்கமாயிருந்தது. அங்கே பழைய ஒயிலைத் திருப்பிக் கொடுக்க இடங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் குறைக்கச் சொன்னார்கள்.

2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடியது. இரணைமடு நீரைத் தருவதா இல்லையா என்று வடக்கு ஆண்டுக்கணக்கில் பிளவுபட்டு நின்றபின் வந்த மாற்றுவழி அது. பெருஞ்செலவில் கடலைக் குடிக்கப் புறப்பட்ட நாம், காலடியில் இலவசமாகக் கிடப்பதன்மேல் ஒயிலை ஊற்றிக்கொண்டிருக்கிறோம். குழாய் நீர் வந்தாலும் தோட்டத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கிணற்று நீரே இறைபடும்.

அடுத்த தடவை வாகனத்தைக் கொடுக்கும்போது, ஒட்டுத்தாளை வாங்குமுன் கழற்றிய ஒயிலை எங்கே ஊற்றுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பீப்பாயைக் காட்டினால் நல்ல இடம். அதை வாங்கிப் போகிறவர் யார், எங்கே கொண்டுபோகிறார் என்றும் கேட்கலாம், தவறில்லை. வீட்டில் தாமே ஒயில் மாற்றுகிறவர்கள், புது ஒயில் வந்த அதே கலனில் பழையதை ஊற்றி, மூடியை இறுக்கி, வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். பெற்றுக்கொள்ள மறுக்கும் கடையில் மறுபடி ஒயில் வாங்கவேண்டியதில்லை.